வேப்பமரத்தில் பதினேழு

அருள்சாமி வீட்டுப் பசு விலைபோனதற்கு நான்தான் காரணம். நான் மாட்டுத் தரகன் இல்லை, திருச்சிக் கல்லூரி ஒன்றில் புவியியல் வாத்தியார். அன்றைக்கு என் கையில் இருந்தது அரை லிட்டர் மஞ்சள் பெயிண்டும் ஓர் அங்குலப் பிரஷும்தான். ஒரு குடும்பத்தைக் குலைக்க அது தாராளமாகப் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது.

கிராமத்து நிலம் எப்படி மாறுகிறது என்று பார்ப்பது என் பிழைப்பு. இதற்காக இத்தாலியின் தென்கோடியில் இரண்டு வருஷம் இருந்துவிட்டு வந்தவன். அங்கே மலைச்சரிவு முழுக்கக் கல்சுவர் அடுக்கிப் படிப்படியாக நிலம் பண்ணி, படிக்குப் படி ஒலிவ மரம் வைத்திருந்தார்கள். இப்போது சுவர் சரிந்து, புதர் ஏறி, மரம் எது முள் எது என்று தெரியாமல் கிடக்கிறது. ஏன் அப்படி ஆயிற்று என்று நானூறு பக்கம் எழுதினேன். படித்தவர்கள் நான்கு பேர். அதில் மூன்று பேர் படிப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர்கள்.

திரும்பி வந்து அதே வேலையை நம் பக்கம் செய்யலாம் என்று ஆவூருக்கும் விராலிமலைக்கும் நடுவில் ஒரு செம்மண் ஊரைப் பிடித்தேன். ஒரு பக்கம் கடலைக்கொல்லை. மறுபக்கம் சீப்பால் வாரினாற்போலத் தைலமரம். நடுவில் காலை ஆறரைக்கு ஊர்ப் பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகும் கம்பெனி வேன். என் போன்றவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

முறை எளிது. ஒரே இடத்தில் நின்று, பருவத்துக்கு ஒரு முறை, ஒரே திசையில் புகைப்படம் எடுக்க வேண்டும். இடம் மறந்துவிடக் கூடாது என்பதற்காகப் பாறையிலும் கல்லிலும் மரத்திலும் மஞ்சளாக எண் போட்டேன். மொத்தம் நாற்பது. அருள்சாமி கொல்லையின் ஓரத்து வேப்பமரத்துக்குப் பதினேழு விழுந்தது.

கேட்காமல் போடவில்லை. "ஒரு அடையாளம் போட்டுக்கிறட்டாக்கா?" என்று அருள்சாமியின் மனைவி வேளாங்கண்ணியிடம் கேட்டேன்.

"போடுங்க சார். மரம் வேணாம்னா சொல்லப்போகுது?" என்றவர், டம்ளர் நிறையக் காப்பி கொடுத்தார். வீட்டுப் பசு ரோசியின் பால். ஸ்பூனை நட்டால் நிற்கும். கொல்லையில் அருள்சாமி புழுதி உழவு முடித்துக் கட்டி தட்டிக்கொண்டிருந்தார். ஆனி மழை விழுந்ததும் கடலை போட மூன்று ஏக்கரும் காத்திருந்தது.

அவர்கள் மகன் மெல்வின் இத்தாலிக்குத் தெற்கே மால்டாத் தீவில் ஒரு ஓட்டல் சமையலறையில் இருந்தான். நான் இத்தாலியில் இருந்தவன் என்று தெரிந்ததும் வேளாங்கண்ணிக்கு நான் பக்கத்து ஊர்க்காரனாகிவிட்டேன். "எம்மவன் இருக்குற கடலுதான சார் நீங்க இருந்த கடலும்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். போனை எடுத்துப் பழைய படம் ஒன்று, புதிய படம் ஒன்று என்று மலைச்சரிவைக் காட்டினேன். எழுபது வருஷத்துக்கு முன்னால் படிக்கட்டாக மின்னிய நிலம், இப்போது புதர். அவர் போனைக் கையில் வாங்கி, வெயில் படாமல் முந்தானையால் மறைத்து, நெடுநேரம் பார்த்தார்.

"இம்புட்டையும் விட்டுப்புட்டா போனாக?"

"ஆமாக்கா."

"முட்டி வலியா இருக்கும் சார்."

"என்னது?"

"இம்புட்டுப் படி. ஏறி எறங்கி, ஏறி எறங்கி... முட்டி என்னத்துக்காகும்?"

நான் சிரித்தேன். என் ஆய்வேட்டில் பதினொரு காரணங்கள் இருந்தன. சந்தை விலை, மானியக் கொள்கை, நகரப் பெயர்வு, இயந்திரம் ஏறாத சரிவு. முட்டி அதில் இல்லை.

என்னிடம் ஒரு கேள்வித்தாளும் உண்டு. முப்பத்தொரு கேள்வி. இருபத்துமூன்றாவது கேள்வி என் செல்லப்பிள்ளை: "பத்து ஆண்டுகள் கழித்து இந்த நிலத்தில் என்ன இருக்கும்?" ஊர் முழுக்கக் கேட்டேன். "அதெல்லாம் ஆரு கண்டா" என்றார்கள், "நீங்கதான படிச்சவுக, நீங்களே எழுதிக்கங்க" என்றார்கள். ஒருவர் என் மூக்குக்கு நேரே விரலை நீட்டி, "நீங்க இருப்பீங்களா மொதல்ல?" என்றார். அருள்சாமி வானத்தைப் பார்த்தார். வேளாங்கண்ணி, "காப்பி ஆறுது, குடிங்க" என்றார்.

அதன் பிறகு விடைத்தாள் திருத்த எனக்கு அழைப்பு வந்தது. போய்விட்டேன்.

ஆடி பாதியில் திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், முக்கு டீக்கடையில் ராக்கன் உட்கார்ந்திருந்தார். அருள்சாமிக்குப் பக்கத்துக் கொல்லைக்காரர், ஆடு வளர்ப்பவர். ஊரில் என்னைப் பார்த்துப் பயப்படாத ஒரே ஆள். பயப்படாததற்குக் காரணம், என்னை அவர் ஒரு பொருட்டாக நினைக்காததுதான்.

"வாங்க சார். ரோடு எப்ப வருது?"

"எந்த ரோடு?"

"நீங்க போடப்போற ரோடு."

"நான் ரோடு போடலையே."

"போடுற வரைக்கும் எல்லாரும் அப்படித்தேன் சொல்லுவாக." டீயை ஒரு மிடறு குடித்தார். "மரத்துல மஞ்சப் பெயிண்டுல நம்பர் போட்டா என்ன சார் அர்த்தம்?"

புவியியலில் பட்டம் வாங்காத எல்லாருக்கும் அதற்கு அர்த்தம் தெரியும். மரத்தில் எண் விழுந்தால் சாலை அகலப்படுத்தப் போகிறார்கள், மரம் போகப்போகிறது. விராலிமலைப் பக்கம் நாலுவழிச் சாலை போட்ட காலத்தில், வெறுங்கொல்லையாகக் கொடுத்தவனைவிட மரத்தோடு கொடுத்தவனுக்கு நஷ்டஈடு அதிகம் கிடைத்தது என்று ஒரு பேச்சு இந்தப் பக்கம் இன்னும் உலவுகிறது. மரத்துக்குத் தனி எண்ணிக்கையாம்.

"அருள்சாமியண்ணன் மூணு ஏக்கர்லயும் மிசினு விட்டுக் குழி போட்டு மாங்கன்னு வச்சிருச்சு. ஒட்டு மா. நூத்தி இருவது கன்னு."

"கடலை போடலையா?"

"ரோடு வர்ற எடத்துல கடலைய போட்டு ஆரு சார் புடுங்குறது, லாரிக்காரனா? கன்னு வாங்க ரோசிய மணப்பாறைச் சந்தைக்கு ஓட்டிருச்சு. அக்கா மாதா கோயிலுக்குப் பூசைக்குப் போயிட்டு வந்து பாக்குது, கட்டுத்தறியில கயிறு மட்டும் கெடக்கு. அன்னையிலேர்ந்து பதினெட்டு நாளு, புருசன்கூட ஒரு பேச்சு இல்ல. நீங்க போங்க, ஒங்களுக்காகத்தேன் ரெண்டு பேரும் காத்திருக்காக."

நிலப்பயன்பாட்டு மாற்றத்தின் காரணிகள் என்று ஒரு அட்டவணை வைத்திருந்தேன். அதில் பன்னிரண்டாவதாக என் பெயரை எழுத வேண்டிய நிலைமை.

வீட்டுக்குள் போனபோது வேளாங்கண்ணி அடுப்படியில் கடலை வறுத்துக்கொண்டிருந்தார். மணம் வாசல்வரை வந்தது. முறத்தில் மிச்சம் இருந்ததைப் பார்த்தேன். ஒன்று போல ஒன்று, சுருக்கமில்லாத, ரோஜா நிறத் தோல்.

"வாங்க சார். ஒக்காருங்க. தின்னுங்க." ஒரு தட்டில் அள்ளி வைத்தார். "வெதைக்கு வச்சிருந்தது. இனி என்னத்துக்கு?"

கையில் எடுத்த கடலை வாய்க்குப் போகவில்லை. அடுத்து காப்பி வந்தது. கறுப்பாக.

"பால் இல்ல சார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். என்னைத் திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அருள்சாமி பின்வாசல் வழியாக உள்ளே வந்தார். அறுபதைத் தொடும் வயது, ஒல்லி, எப்போதும் சவரம் செய்து இரண்டு நாள் ஆன முகம். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டே மெல்ல இறங்கித் தரையில் உட்கார்ந்தார். அவர் முன்னால் சோறும் கருவாட்டுக் குழம்பும் வந்தன. கரண்டி கொஞ்சம் அழுத்தமாகவே தட்டில் இடித்தது.

"சார், ஒங்க அண்ணன்ட்டக் கேளுங்க, கொழம்பு போதுமான்னு."

அருள்சாமி இரண்டடி தூரத்தில் இருந்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"போதும்னு சொல்லுங்க சார்" என்றார்.

"போதுமாம்" என்றேன்.

"உப்பு கூடன்னா, ரோட்டுக் கடையில போயித் திங்கச் சொல்லுங்க. அதான் ரோடு வருதுல்ல."

"உப்பு அளவாத்தேன் இருக்குன்னு சொல்லுங்க சார்."

"அளவா இருக்காம்க்கா."

"ரோசி இருந்தா இந்நேரம் கத்தியிருக்கும்னு சொல்லுங்க."

அருள்சாமி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிசைந்தது போதும் என்று எனக்கே தோன்றிய பிறகும் பிசைந்தார்.

சாயந்திரம் அவரோடு கொல்லைக்குப் போனேன். ஆடிக்காற்று செம்மண்ணை வாரி முகத்தில் அடித்தது. நூற்றிருபது குழி, நூற்றிருபது கன்று. ஒவ்வொன்றும் ஒரு முழம், ஒவ்வொன்றும் ஒரு குச்சியில் கட்டப்பட்டு, பள்ளிக்கூடம் முதல் நாள் வந்த பிள்ளைகள் மாதிரி நின்றன. கிணற்றில் இருந்து ஓஸ் பைப் இழுத்திருந்தார். வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஒரு கன்றுக்குத் தண்ணீர் விட்டார். பிறகு எழாமலே வாளியோடு சேர்ந்து நகர்ந்து அடுத்ததற்குப் போக முயன்றார். முடியாமல் குச்சியை ஊன்றி எழுந்து, வாளியைத் தள்ளிப் போட்டு, மறுபடி உட்கார்ந்தார். நான் குறிப்பேட்டில் எழுதினேன்: "வாளியில் அமர்ந்து நீர் விடுதல், புதிய பாசன உத்தி." நான் படித்தவன் என்பதற்கு இதைவிட அத்தாட்சி கிடையாது.

மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

"அண்ணே, அந்த நம்பர் ரோட்டுக்கு இல்ல. நான் போட்டோ எடுக்கிறதுக்குப் போட்டேன். ரோடு ஒண்ணும் வரல."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"ஊரு பூரா ரோடுன்னு பேசுனாக. மறுநாளே வி.ஏ.ஓ. ஆபீஸ்ல போயிக் கேட்டுட்டேன். அப்படி ஒண்ணும் கெடையாது, எவனோ காலேஜ்காரன் கிறுக்கிட்டுப் போயிருக்கான்னாக. கோவிச்சுக்காதீங்க, அவுக சொன்னது."

"அப்புறம் ஏன் மாங்கன்னு வச்சீங்க?"

தண்ணீர் குழி நிரம்பி வழிந்தது. பைப்பை மாற்றினார்.

"மாம்பழம்னா ஆருக்குப் புடிக்காது சார்?"

"அது சரிண்ணே. கடலை..."

"மண்ணுக்கும் ஒரு மாத்தம் வேணும்ல."

"மாட்டை வித்தா?"

"காத்து எப்படி அடிக்குது பாத்தீங்களா? இந்த வருசம் மழை இருக்கு."

நான்காவது முறை கேட்க எனக்குத் தெம்பில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சேறு பட்ட, சில்லிட்ட கை.

"சார், ஒரே ஒரு ஒதவி. ரோடு இல்லைன்னு அவகிட்டச் சொல்லிப்புடாதீங்க. ரோட்டுக்குன்னே இருக்கட்டும். ரோடும் இல்லாமக் கடலைய விட்டேன்னு தெரிஞ்சா ஒடனே மெல்வினுக்குப் போனைப் போடுவா. அவன், அப்பா, கொல்லையத் தைலமரத்துக்குப் பத்து வருசத்துக்கு விட்டுப்புட்டுத் திருச்சியில வீடு புடிச்சு இருங்கம்பான். ரெண்டு வருசமா இதேதேன் சொல்றான். திருச்சியில நான் எந்தச் செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்குறது?"

சரி என்றேன். மாட்டை விற்கவைத்த குற்றத்தோடு பொய்யும் என் கணக்கில் ஏறியது.

அன்று ராக்கன் வீட்டு முற்றத்தில் படுத்தேன், தூங்கவில்லை. விடிந்ததும் ராக்கனை எழுப்பி, ரோசி யாரிடம் போயிற்று என்று கேட்டேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "குன்றாண்டார்கோவிலு ரெங்கராஜ். டீக்கடை. கூட நான்தான போனேன் சந்தைக்கு" என்றார். பிறகு ஒரு கண்ணைத் திறந்தார். "ஏன், போட்டோ புடிக்கவா?"

"திருப்பி வாங்க."

இரண்டாவது கண்ணும் திறந்தது.

ரெங்கராஜ் டீக்கடையில் நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே ஆரம்பித்துவிட்டார். வலது கை மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. "ராக்கா, நீ வந்தது நல்லதாப் போச்சு. இது மாடு இல்லடா. என் மாமியாவே தேவலை. பால் பீச்சப் போனா எட்டி ஒதைக்குது. எம்பொண்டாட்டி போனா, அவளை மட்டும் முட்டுது. பாக்கெட் பால் வாங்கி டீ போட்டுக்கிட்டிருக்கேன், பசு மாட்டைக் கொல்லையில கட்டிவச்சுக்கிட்டு!"

"அக்கா கையைத் தவிர வேற கை படவிடாது அது" என்றார் ராக்கன்.

"இத விக்கிறப்பச் சொன்னியாடா?"

"நீ கேக்கல."

கொடுத்த விலைக்கே தருகிறேன் என்றார் ரெங்கராஜ், டீயும் இலவசம் என்றார். ஆராய்ச்சிக்கு என்று கல்லூரி கொடுத்த தொகையில் பசு வாங்க எந்தத் தலைப்பும் இல்லை. "களப்பணிக்கான வாகனம்" என்று எழுதலாமா என்று யோசித்தேன். கடைசியில் என் சம்பளத்திலேயே கழிந்தது. அது நியாயம்தான்.

குட்டியானை வண்டி பேசி ரோசியை ஏற்றினோம். பாதி வழியில் அது பின்பலகையை உதைத்த உதையில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டி, "எறக்குங்க. மாடும் வேணாம், வாடகையும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். மிச்சம் ஆறு கிலோமீட்டர். ராக்கன் முன்னால், ரோசி நடுவில், கயிற்றின் கடைசியில் நான். பார்த்தவர்கள் ரோசிதான் என்னை ஓட்டிக்கொண்டு போகிறது என்று நினைத்திருப்பார்கள். அது உண்மையும்கூட.

இருபுறமும் தைலமரம். கீழே ஒரு புல் இல்லை. ரோசி தலையைத் திருப்பவே இல்லை.

"ராக்கண்ணே, இதெல்லாம் யார் கொல்லை?"

"இது சிங்கப்பூரு. அது துபாயி. அந்தா, பாறை தாண்டி இருக்குல்ல, அது மெட்ராஸ்ல பேங்க்ல இருக்காரு." கம்பை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். "ஆளு இல்லாத கொல்லைக்கு இது சரி சார். வச்சுப்புட்டுப் போயிரலாம். அஞ்சாறு வருசம் ஒருத்தரும் வந்து பாக்க வேணாம். மா அப்படி இல்ல. மாவுக்கு ஆளு அங்கனயே இருக்கணும்."

அவர் என்னத்தையோ சொல்கிறார் என்று மட்டும் புரிந்தது. என்னவென்று புரிவதற்குள் வானம் இருண்டு, கொட்டோ கொட்டென்று கொட்டியது. செம்மண் பாதை குழம்பாகி என் செருப்பில் ஒன்றை விழுங்கியது. ஊர் எல்லை வந்ததும் ரோசி மூக்கைத் தூக்கி ஒரு சத்தம் கொடுத்தது. பிறகு நடக்கவில்லை, ஓடியது. கயிறு என் கையில் இருந்தது என்பதை அது யோசிக்கவில்லை. ஒற்றைச் செருப்போடு சேற்றில் வழுக்கி, பாதி நின்றும் பாதி உட்கார்ந்தும், பேராசிரியர் பெருமான் வேளாங்கண்ணி வீட்டு வாசலுக்குப் போய்ச் சேர்ந்தார்.

வேளாங்கண்ணி வெளியே வந்தார். நனைந்த மாட்டின் நெற்றியில் தன் நெற்றியை ஒரு முறை வைத்து எடுத்தார். பிறகு, "மெலிஞ்சுபோச்சு, கழுத" என்றார். முந்தானையால் அதன் கண்ணைத் துடைத்து, அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அருள்சாமி கதவோரம் நின்று பார்த்துவிட்டு, கட்டுத்தறிக்குப் போய்த் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ ஆரம்பித்தார்.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. மண் ஈரத்தில் கறுத்துக் கிடந்தது. அருள்சாமி வாளியையும் குச்சியையும் எடுத்துக்கொண்டு, சரிந்த கன்றுகளை நிமிர்த்தக் கொல்லைக்குப் போய்விட்டார். வேளாங்கண்ணி பால் பீச்சிக்கொண்டிருந்தார். உதைக்காமல், முட்டாமல், ரோசி அசைபோட்டுக்கொண்டு நின்றது. நான் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

"அக்கா, நான் அந்த நம்பரைப் போட்டிருக்கக் கூடாது."

"ஏன் சார்?"

"அதைப் பாத்துட்டுத்தானே அண்ணன்..." வாக்குக் கொடுத்திருந்தேன். நிறுத்திவிட்டேன்.

வேளாங்கண்ணி சொம்பைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டார்.

"ரோடு வரலைங்கிறது எனக்குத் தெரியும் சார்."

"அண்ணன் சொன்னாரா?"

"அவுகளா? அவுக எதைச் சொன்னாக? வி.ஏ.ஓ. ஆபீஸ்ல தண்ணி எடுத்து வைக்கிற புள்ள எங்கூட பூசைக்கு வர்றவ. அவ சொன்னா." கையை நிறுத்தாமல் பேசினார். "ரெண்டு வருசமா அவுகளுக்கு முட்டி மடங்கல. கடலைன்னா குனியணும். களை வெட்டணும், புடுங்கணும், குத்தவச்சு ஆயணும். கூலிக்கு ஆளு ஏது, எல்லாம் கம்பெனி வேன்ல ஏறிருதுக. போன வருசம் கடலை புடுங்கயில, நான் பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டு மண்டி போட்டுத் தவழ்ந்தாக. கோயில்ல வேண்டுதலைக்குத் தவழுற மாதிரி, வரப்பு மொதக்கொண்டு வரப்பு வரைக்கும். அப்பவே நெனச்சேன், இந்த ஆளுக்கு ஒக்காந்து பாக்குற வெள்ளாமையா ஒண்ணு வேணும்னு. எப்படிச் சொல்றது? சொன்னா ரோசம் வந்துரும். ஒன்னால முடியலைன்னு நான் சொன்ன மாதிரி ஆயிரும்."

வாளியும் குச்சியும் எனக்கு இப்போதுதான் கண்ணில் வந்து நின்றன. குறிப்பேடு என் பையில் இருந்தது. அதை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது.

"நீங்க நம்பர் போடலைன்னா நானே போட்டிருப்பேன் சார்."

"அப்புறம் ஏன்க்கா இத்தனை நாளாப் பேசல?"

"மாட்டை வித்துப்புட்டாகளே! எங்கிட்டக் கேட்டிருந்தா என் காதுல கெடக்குறதக் கழட்டிக் குடுத்திருக்க மாட்டனா?" சொம்பை ஓரமாக வைத்தார். "எனக்குத் தெரியும்ங்கிறத அவுககிட்டச் சொல்லிப்புடாதீங்க. ரோட்டுக்குன்னே இருக்கட்டும்."

ஒரே வீட்டில் இரண்டு பேரின் ஒரே ரகசியத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவரிடமிருந்து காப்பாற்ற வேண்டும். இதற்கு எந்தப் பல்கலைக்கழகமும் பட்டம் தருவதில்லை.

அவர் எழுந்து உள்ளே போய் ஒரு சாக்குப் பையைத் தூக்கிவந்தார். வாயைப் பிரித்துக் காட்டினார். ரோஜா நிறத் தோல், சுருக்கம் இல்லாமல்.

"விதைக் கடலை! அன்னைக்கு வறுத்தது?"

"பாதிதேன் வறுத்தேன். அவுக பாக்கணும்னு வறுத்தேன்." முதல் முறையாகச் சிரித்தார். "மாங்கன்னு பெருசாக அஞ்சாறு வருசம் ஆகும். அதுவரைக்கும் ஊடால நான் கடலை போடுவேன். என் முட்டிக்கு ஒண்ணுமில்ல. நேத்து மழைக்கு ஈரம் நல்லா எறங்கியிருக்கு. ராக்கன்கிட்ட ஏரு சொல்லிட்டேன்."

காப்பி கொண்டுவந்து கொடுத்தார். ஸ்பூன் நிற்கும் காப்பி. கொல்லைப் பக்கம் பார்த்தோம். பதினேழு எழுதிய வேப்பமரம், அதற்கு அங்கிட்டு சின்னச் சின்னக் குச்சிகள், அவற்றின் நடுவில் வாளியில் உட்கார்ந்திருக்கும் ஒரு முதுகு.

கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்து, பழக்கம் விடாமல் கேட்டே விட்டேன்.

"அக்கா, பத்து வருஷம் கழிச்சு இந்த நிலத்துல என்ன இருக்கும்?"

காப்பி ஆறுது என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கொல்லையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவுக இருப்பாக சார்" என்றார். "எழுதிக்கங்க."